சாவியைத் திருப்புவது கடைசி வேலை

வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தார் பெரியவர். ஆயில் கறுத்துப்போயிருந்தது. இருபது வருடம் நின்ற மோட்டார் சைக்கிளில் வேறு எப்படி இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அவர் தட்டை மெல்லச் சுழற்றினார். ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கியபோது தட்டின் அடியில் மீன் செதிலைவிடப் பொடியாக நாலைந்து துணுக்குகள் மின்னின. காந்தத்தைக் கொண்டுபோனார், ஒட்டவில்லை. ஒரு துணுக்கை நகத்தால் அழுத்தினார். அது மடங்கவில்லை, பட்டென்று உடைந்தது.

“அலுமினியம் என்றால் வளைந்திருக்கும். இது குரோம். சிலிண்டரின் உட்சுவரிலிருந்து உரிந்து வந்திருக்கிறது” என்றார்.

அன்று காலையில்தான் புது பேட்டரி வாங்கி வந்திருந்தேன். பிளக்குகளை மாற்றியாயிற்று. கேனில் புது பெட்ரோலும் தயாராக இருந்தது. ஒரே ஒரு முறை அந்த எஞ்சின் பேசுவதைக் கேட்டுவிட்டால் போதும், மற்ற வேலைகளைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அவர் அன்று வராமல் இருந்திருந்தால் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தியிருப்பேன். அந்தத் துணுக்குகள் முதலில் ஆயில் பம்பைக் கீறியிருக்கும். அடைபட்ட பழைய ஃபில்ட்டரைத் தாண்டிப் போயிருந்தால் பேரிங்குகளையும் தின்றிருக்கும். பழைய வண்டியைக் கொல்வது துருவும் அல்ல, வயதும் அல்ல. அதை உடனே ஓட வைத்துவிட வேண்டும் என்கிற நம் அவசரம்தான். இந்த வண்டியில் நான் செய்த தவறுகள் எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்கிறேன். ஒன்றுகூட அறியாமையால் வந்ததில்லை, எல்லாமே அவசரத்தால் வந்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி 1978ஆம் ஆண்டு மோட்டோ குட்சி 850 டி3 (T3). நான் வேலை பார்ப்பது வட இத்தாலியில், கோமோ ஏரியின் கிழக்குக் கிளை முடிகிற இடத்தில் உள்ள லெக்கோ நகரத்தில். கம்பி, போல்ட், இரும்பு வேலை என்று பல தலைமுறையாக உலோகத்தோடு வாழ்கிற ஊர் இது. கோவை கணபதியில் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். மரையும் மைக்ரோமீட்டரும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு. அந்தப் பழக்கம்தான் என்னை இங்கே ஒரு கடைசல் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. எங்கள் குடியிருப்பின் நிலவறையில் தார்ப்பாய் போர்த்தி நின்ற வண்டியை வீட்டுக்காரம்மா காட்டினார். அவருடைய கணவர் ஓட்டியது. நம்பர் பலகையில் கோமோ மாவட்டத்துக்குரிய எழுத்துகள் இருந்தன. லெக்கோ தனி மாவட்டமானது 1992இல்தான், அதற்கு முன்பு இந்தப் பக்கம் எல்லாமே கோமோவில் சேர்த்தி. டயரின் பக்கச் சுவரில் தேதி எண் மூன்று இலக்கமாக இருந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்துதான் அது நான்கு இலக்கமாயிற்று. ஆக, யாரிடமும் கேட்காமலே வண்டி எப்போதிலிருந்து நிற்கிறது என்பதை ஓரளவு தெரிந்துகொள்ள முடிந்தது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் அந்த எண்ணைப் படியுங்கள். டயரில் எவ்வளவு பூ மிச்சமிருந்தாலும் பத்து வருடம் தாண்டிய ரப்பரை நம்பிச் சாலையில் இறங்கக்கூடாது.

மோட்டோ குட்சி ஆலை இருக்கும் மண்டெல்லோ தெல் லாரியோ இங்கிருந்து ஏரிக்கரையோரமாகப் பத்து கிலோமீட்டர். 1921இல் தொடங்கிய நிறுவனம் இன்றும் அதே ஊரில்தான் இருக்கிறது. பெரியவர் அங்கே எஞ்சின் கோர்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரம்மாவின் தூரத்து உறவு. முதல் நாள் வந்து வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். எதையும் தொடவில்லை. “எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார். பார்த்திருந்தேன். பிளக்குகளைக் கழற்றி, இரண்டு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு, ஒரு வாரம் ஊறவிட்டு, ஐந்தாவது கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சுற்றியது. அதுவரை நான் செய்தது சரி. சுற்றியதே, இனி என்ன என்று பேட்டரி வாங்க ஓடியதுதான் தவறு.

குரோம் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எழுபதுகளில் இந்த எஞ்சின்களின் சிலிண்டர் அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. இரும்பு உறை கிடையாது. உட்சுவரில் நேரடியாகக் கடினமான குரோம் பூச்சு. எடை குறைவு, சூடு சீக்கிரம் வெளியேறும், தேய்மானம் மிகக் குறைவு. ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் அது பல்லாண்டு உழைக்கும். ஆனால் ஏரியின் ஈரம் இறங்குகிற நிலவறையில், ஒரு வால்வு திறந்த நிலையிலேயே இருபது வருடம் நின்றால் பூச்சுக்கு அடியில் ஈரம் புகுந்து அலுமினியத்தைப் பொரிய வைக்கும். அப்புறம் பூச்சு உரியும். உரிந்த சிலிண்டரைக் கடைந்து அடுத்த அளவு பிஸ்டன் போடுகிற நம் ஊர் வழி இங்கே செல்லாது. பூச்சு அவ்வளவு மெல்லியது. கடைந்தால் அது முழுவதும் போய்விடும்.

பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை நுழைத்துப் பார்த்தோம். வலது சிலிண்டர் கண்ணாடி மாதிரி இருந்தது. இடது சிலிண்டரின் மேல் விளிம்பில், கட்டை விரல் அகலத்துக்கு, சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தது போல ஒரு திட்டு.

இந்த எஞ்சினின் பெரிய அழகு இங்கேதான் தெரிகிறது. இரண்டு சிலிண்டரும் 90 டிகிரியில் வண்டியின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. எஞ்சினைச் சட்டகத்திலிருந்து இறக்க வேண்டியதே இல்லை. ஒரு முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சைலன்சர், கார்புரேட்டர், வால்வு மூடி, ராக்கர், ஹெட் என்று வரிசையாகக் கழற்றிவிடலாம். கழற்றும்போது மூன்று விஷயங்களை அவர் என்னிடம் விடாமல் வற்புறுத்தினார். வால்வுகளைத் திறக்கத் தள்ளும் தண்டுகளான புஷ் ராடுகள் எந்தத் துளையிலிருந்து வந்தனவோ அதே துளைக்குத்தான் திரும்ப வேண்டும். ஒரு அட்டையில் துளை போட்டு, பெயர் எழுதிச் செருகிவைத்தேன். சிலிண்டர் வெளியே வந்த அந்த நொடியில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு கீழே விழுந்து பிஸ்டன் அடிபடாமல் இன்னொரு கை அதைத் தாங்க வேண்டும். கிராங்க் பெட்டியின் திறந்த வாயைச் சுத்தமான துணியால் உடனே அடைக்க வேண்டும். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் ஒரு நாள் போய்விடும்.

சிலிண்டரிலும் பிஸ்டனிலும் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து பொறித்திருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தை வைத்து ஆலையில் பிரித்த பிரிவு அது. ஒரே எழுத்துள்ள ஜோடிதான் சேர வேண்டும். பழைய பாகச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒற்றைச் சிலிண்டரை வாங்கி வந்துவிட்டால் இந்தக் கணக்கு உதைக்கும். நான் ஒற்றையாக வாங்கவில்லை. மண்டெல்லோவிலேயே உள்ள ஜிலார்டோனி நிறுவனம் நிக்கல், சிலிக்கான் கார்பைடு கலந்த பூச்சோடு புது சிலிண்டர்களையும் அவற்றுக்கேற்ற பிஸ்டன்களையும் ஒரே தொகுப்பாகத் தருகிறது. இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றினேன். வலது பக்கம் நன்றாகத்தானே இருந்தது என்று கேட்கலாம். அதே நிலவறையில், அதே இருபது வருடம் அதுவும்தான் நின்றிருக்கிறது. இந்த முழு வேலையிலும் பெருந்தொகை போனது இதற்கு மட்டும்தான். அதற்காக வருந்தவில்லை.

துணுக்குகள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று தெரிய வேண்டுமே. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கினோம். டி3 மாடலில் ஆயில் ஃபில்ட்டர் சம்ப்பின் உள்ளே இருக்கிறது. ஃபில்ட்டர் மாற்ற வேண்டுமென்றால் சுற்றிலும் உள்ள ஆலன் போல்ட்கள் அத்தனையும் கழன்றாக வேண்டும். பலர் இதைத் தொல்லை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்ப் இறங்கினால்தான் அதன் அடியில் படிந்திருப்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. கம்பி வலையில் இன்னும் சில துணுக்குகள் சிக்கியிருந்தன. கீழிருந்தே கனெக்டிங் ராடு மூடிகளைக் கழற்றிப் பேரிங்கைப் பார்த்தோம். மங்கிய சாம்பல் நிறம், கீறல் இல்லை. ஒரு முறை தளர்த்திய கனெக்டிங் ராடு போல்ட்டை மறுபடி போடாதீர்கள், புதிதுதான் போட வேண்டும். அது அறுந்தால் எஞ்சினையே கிழித்துக்கொண்டு வெளியே வரும். புது ஃபில்ட்டரைக் கையால் இறுக்கிய பிறகு, அதைச் சுற்றி ரப்பர் குழாய்க்குப் போடுகிற திருகுப் பட்டை ஒன்றை மாட்டி, அதன் திருகுத் தலை பக்கத்துச் சுவரில் முட்டும்படி நிறுத்தினார். அதிர்வில் ஃபில்ட்டர் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு.

சம்ப்பைத் திரும்ப ஏற்றும்போது மாலை ஏழு மணி ஆகிவிட்டது. பெரியவர் கிளம்பிவிட்டார். மிச்சம் நாலு போல்ட். கசிவு வரக்கூடாதே என்று கொஞ்சம் கூடுதலாக ஒரு திருப்பு கொடுத்தேன். அந்த உணர்வு பட்டறையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: இறுகிக்கொண்டே வந்த ஸ்பேனர் திடீரென்று வெண்ணெயில் இறங்குவது போல இலகுவாகும். மரை போய்விட்டது. 6 மில்லிமீட்டர் போல்ட், நாற்பது வருட அலுமினியம். அதற்கு 10 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் ஒரு இம்மிகூட வேண்டாம் என்பது எனக்குத் தெரியாததல்ல, அது என் தொழில். மறுநாள் துளையைப் பெரிதாக்கி, மரை வெட்டி, எஃகுச் சுருள் மரை ஒன்றைப் பதித்து சரிசெய்தேன். பெரியவர் ஆலன் சாவியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். நீளமான பக்கத்தைப் போல்ட்டில் செருகி, குட்டையான பக்கத்தை இரண்டு விரலால் மட்டும் திருப்புவது. அந்தப் பிடியில் மனிதனால் மரையைக் கெடுக்கவே முடியாது. டார்க் ரெஞ்ச் நுழையாத இடங்களில் நான் இப்போது வேறு முறை எதையும் கையாள்வதில்லை.

கார்புரேட்டர் இரண்டும் டெல்ஒர்த்தோ, 30 மில்லிமீட்டர் வாய், சதுரமான ஸ்லைடு. உள்ளே பழைய பெட்ரோல் அரக்காகக் காய்ந்திருந்தது. கரைசலில் ஊறவைத்து, அழுத்தக் காற்றில் ஊதி, ஜெட்களைப் பிரஷ் முடியால் சுத்தம் செய்தேன். கம்பி விடாதீர்கள். ஜெட் துளையின் அளவுதான் அதன் உயிர். பித்தளையைக் கம்பி எளிதாகக் கீறிவிடும். இரண்டு கார்புரேட்டரும் ஒன்றாகத் திறக்கிறதா என்று பார்க்க, ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டுகளை ஸ்லைடுகளின் அடியில் செருகிவைத்து, ஆக்சிலரேட்டரை மயிரிழை அளவு திருப்பினால் போதும். இரண்டு பிட்டும் ஒரே நேரத்தில் சாய வேண்டும். ஒன்று முந்தினால் அந்தப் பக்கத்துக் கேபிளின் தளர்வைச் சரிசெய்ய வேண்டும். நுட்பமான சமன்செய்தலுக்கு வெற்றிட மானி வேண்டும்தான், ஆனால் அது எஞ்சின் ஓடிய பிறகு.

பெட்ரோல் தொட்டியின் உள்துருவுக்குச் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஓர் இரவு ஊற்றிவைத்தேன். மறுநாள் சோடா உப்பு கரைத்த நீரால் அலசி, உடனே சூடான காற்றால் உலர்த்தி, கொஞ்சம் எண்ணெய் விட்டு உருட்டினேன். அலசிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் திரும்பி வருவதற்குள் துரு மறுபடி பூத்துவிடும்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டி3 மாடலின் தனிச்சிறப்பே அதுதான். கால் பெடலை மிதித்தால் பின் டிஸ்க்கும் முன்னால் இடது டிஸ்க்கும் சேர்ந்து பிடிக்கும். கை லீவர் முன்னால் வலது டிஸ்க்குக்கு மட்டும். 1975இல் இந்த மாடலோடு வந்த ஏற்பாடு. மலைப் பாதையில் இறங்கும்போது வண்டி முன்பக்கம் குப்புறச் சாயாமல் அப்படியே தரையோடு அமர்ந்து நிற்கும். பழகிவிட்டால் வேறு வண்டியில் கால் தானாக அதைத் தேடுகிறது. எங்கள் வண்டியில் பெடலை விட்ட பிறகும் முன் சக்கரம் இறுகியே இருந்தது. டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பரின் பிஸ்டன் மாட்டிக்கொண்டது என்று நினைத்து அதைப் பிரித்தேன். பிஸ்டன் சுத்தமாக இருந்தது. குற்றம் ரப்பர் குழாயில். வயதான குழாயின் உள்சுவர் வீங்கி, மிதிக்கிற அழுத்தத்தில் பிரேக் ஆயிலைப் போகவிடுகிறது, திரும்பி வரவிடுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் வெடிப்பு ஒன்றும் தெரியாது. பழைய வண்டியில் பிரேக் ரப்பர் குழாய்களைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நேராக மாற்றிவிடுங்கள். நீளமான குழாய் என்பதால் காற்றை வெளியேற்றப் பொறுமை வேண்டும். எவ்வளவு வெளியேற்றியும் பெடல் மெத்தென்று இருந்தது. இரவு முழுவதும் பெடலின் மேல் ஒரு பாரத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். காலையில் பாதி சரியாகியிருந்தது. இன்னொரு இரவில் முழுவதும் சரியாயிற்று.

வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் வால்வு இடைவெளி வைப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கிளட்ச் கூட்டின் வலது பக்கம் ஒரு ரப்பர் அடைப்பான் இருக்கிறது. அதை எடுத்தால் ஃப்ளைவீலின் விளிம்பு தெரியும். அதில் டி (D) என்ற எழுத்து வந்து நின்றால் வலது சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில், எஸ் (S) வந்தால் இடது. இத்தாலிய மொழியில் வலதுக்கும் இடதுக்கும் உள்ள சொற்களின் முதல் எழுத்துகள். உச்சியில் நிற்கும்போது இரண்டு ராக்கரும் தளர்ந்திருந்தால் அது அழுத்தும் சுற்று. இறுகியிருந்தால் இன்னும் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இடைவெளி 0.22 மில்லிமீட்டர், உள்வால்வுக்கும் வெளிவால்வுக்கும் ஒன்றே. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் உள்ளே போகும்போது, புத்தகப் பக்கங்களுக்கு நடுவிலிருந்து ஒரு தாளை உருவுவது போன்ற மெல்லிய பிடிப்பு இருக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து சுற்றும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். சத்தம் இல்லாமல் ஓட வேண்டுமென்று இடைவெளியைக் குறைத்து வைப்பார்கள். “டிக் டிக் என்கிற வால்வு உயிரோடு இருக்கிறது. சத்தமில்லாத வால்வு எரிந்துகொண்டிருக்கிறது” என்றார் பெரியவர். வால்வு முழுதாக மூடினால்தான் தன் சூட்டை, அது வந்து அமரும் வளையத்துக்குக் கொடுக்க முடியும். இடைவெளி இல்லாவிட்டால் அது மூடவே மூடாது.

பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பகுதியில் பாயிண்ட் இரண்டு ஜோடி, கண்டென்சர் இரண்டு, காயில் இரண்டு, ஆளுக்கொரு சிலிண்டர். எரியாத பக்கம் எது என்று தெரிந்தால் பாதிக் கண்டுபிடிப்பு முடிந்துவிட்டது. வேறொன்றும் இதில் சிக்கல் இல்லை.

தொடங்கிய பதினான்காவது வாரத்தில் ஸ்டார்ட் செய்தோம். அப்போதும் நேராகச் செய்யவில்லை. பிளக்குகளைக் கழற்றிவைத்து ஸ்டார்ட்டரைச் சிறு சிறு தவணையாகச் சுற்றவிட்டோம். ஆயில் விளக்கு அணைந்தது. அதாவது பம்ப் அழுத்தம் கொடுக்கிறது. அதன் பிறகுதான் பிளக். இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. ஆக்சிலரேட்டரைத் திருப்பியபோது வண்டி நின்ற இடத்திலேயே வலது பக்கம் லேசாக உடலைச் சாய்த்தது. கிராங்க் நீளவாக்கில் இருப்பதால் வருகிற அசைவு அது. பெரியவர் சைலன்சர்கள் இரண்டின் பின்னாலும் உள்ளங்கைகளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். இடது பக்கத்துக் கார்புரேட்டரின் கலவைத் திருகைக் கால் சுற்று தளர்த்தச் சொன்னார். தளர்த்தினேன். தலையை அசைத்தார்.

ஓட்டத் தொடங்கிய மூன்றாவது வாரம் நான் ஏரிக்கரையில் வடக்கே உள்ள பெல்லானோ வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலையில் வடக்கிலிருந்து வீசும் திவானோ காற்று ஓய்ந்து, பிற்பகலில் தெற்கிலிருந்து பிரேவா எழும்பிவிட்டிருந்தது, எதிர்காற்று. வரென்னா தாண்டும்போது இருட்டத் தொடங்கியது. முகப்பு விளக்கு மஞ்சளாயிற்று, பிறகு பழுப்பாயிற்று. எஞ்சின் இருமியது. சாலையோரத்தில் நிறுத்தினேன். பேட்டரியில் ஒன்றும் இல்லை.

பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டி, அதன் சுழலும் பாகமான ரோட்டருக்கு விலை விசாரித்து, கிட்டத்தட்டப் பணம் அனுப்பிவிட்டேன். பெரியவர் வந்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். நியூட்ரல் பச்சை எரிந்தது. ஆயில் சிவப்பு எரிந்தது. “சார்ஜ் விளக்கு எங்கே?” என்றார். எரியவில்லை. அது எரியாததை முதல் நாளிலிருந்தே கவனித்திருந்தேன். எச்சரிக்கை விளக்குதானே, எரியாவிட்டால் நல்லது என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த போஷ் ஆல்டர்னேட்டர் நிரந்தரக் காந்தத்தில் வேலை செய்வதில்லை. ரோட்டர் ஒரு மின்காந்தம். சுற்றத் தொடங்கும்போது அதற்கு யாராவது முதலில் கொஞ்சம் மின்சாரம் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கும் பாதை அந்தச் சிவப்பு விளக்கின் இழை வழியாகத்தான் போகிறது. பல்பு எரிந்துபோனால் முதல் பொறி இல்லை. பொறி இல்லையென்றால் சார்ஜ் இல்லை. சில சென்ட் விலையுள்ள பல்பை மாற்றினோம். சாவி போட்டதும் சிவப்பு எரிந்தது, எஞ்சின் வேகம் எடுத்ததும் அணைந்தது. பேட்டரி முனையில் வோல்ட்மீட்டர் 14ஐத் தொட்டது. அழகுக்காக இந்த இடத்தில் எல்இடி பல்பு போடுகிறவர்கள் உண்டு. அதில் பாயும் மின்சாரம் போதாமல் இதே தொல்லை வரலாம். சாதாரண இழை பல்பே போடுங்கள், ஒன்றை இருக்கைக்கு அடியில் உதிரியாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆல்டர்னேட்டர் கிராங்கின் முன் முனையில் இருப்பதற்கு ஒரு கதை உண்டு. ஜூலியோ செசாரே கார்கானோ வடிவமைத்த இந்த வி எஞ்சின், 1965 மிலான் கண்காட்சியில் வி7 என்ற பெயரில் வந்தபோது டைனமோ இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் மேலே உட்கார்ந்திருந்தது. அதனால் எஞ்சின் உயரம், வண்டியும் உயரம். பின்னால் வந்த லீனோ டோன்டி அதை எடுத்துவிட்டு முன்னால் ஆல்டர்னேட்டரை வைத்தார். மேலே காலியான இடத்தில் சட்டகத்தைத் தாழ்த்தி ஓடவிட்டார். 1971இன் வி7 ஸ்போர்ட் அப்படிப் பிறந்தது. எங்கள் டி3 அந்தச் சட்டகத்தின் வாரிசு. முன் மூடியைக் கழற்றி ரோட்டர் போல்ட்டில் ஆலன் சாவியைப் போட்டு எஞ்சினை விரல் நுனியால் சுற்ற முடிகிறபோதெல்லாம் அந்த மனிதருக்கு மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

பராமரிப்பில் இப்போது நான் விடாமல் செய்வது இவ்வளவுதான். எஞ்சினில் 20டபிள்யூ-50 ஆயில், 3 லிட்டர். அளவுகோலின் மேல் கோட்டைத் தொடும்படி நிரப்பினால் மூச்சுக் குழாய் வழியாகத் துப்பும், அதனால் சற்றுக் கீழே நிறுத்துகிறேன். கியர்பாக்ஸ் ஆயிலும் பின் சக்கர டிரைவ் பெட்டி ஆயிலும் தனித்தனி. டிரைவ் பெட்டிக்குக் கால் லிட்டர்தான், அதில் கொஞ்சம் மாலிப்டினம் டைசல்ஃபைடு சேர்க்க வேண்டும். சின்ன அளவு என்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். பின் சக்கரத்தை எப்போது கழற்றினாலும் அதன் பல் இணைப்பில் கிரீஸ் வைத்துவிட்டுத்தான் மாட்டுவேன். செயின் இல்லாத வண்டி என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். செயின் செய்கிற வேலையை இந்தப் பற்கள்தான் செய்கின்றன, காய்ந்துபோனால் அவை ஓசையில்லாமல் தேயும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுகிறேன். இங்கே வண்டிச் சோதனையும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்பதால் தேதி மறப்பதில்லை.

முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும் ஹெட் நட்டுகளை மறுபடி அளந்து இறுக்கி, வால்வு இடைவெளியைத் திருத்தி, சம்ப்பை இறக்கிப் பார்த்தேன். வலையில் ஒன்றும் இல்லை.

இப்போது கிளட்ச் கூட்டின் அடியில் உள்ள சிறிய வடிகால் துளையில் வாரத்துக்கு ஒரு சொட்டு ஆயில் தொங்குகிறது. அது இரண்டு இடத்திலிருந்து வரலாம், எஞ்சினின் பின் சீலிலிருந்தோ கியர்பாக்ஸின் முன் சீலிலிருந்தோ. விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். கியர் ஆயிலில் கந்தக நெடி தூக்கலாக இருக்கும். இதில் அது இல்லை. எஞ்சின் சீல்தான். இது உலர் கிளட்ச், பிளேட்டில் ஆயில் ஏறினால் வழுக்கும். அதுவரை போகவிடக்கூடாது. இந்தச் சட்டகத்தின் கீழ்க் கம்பிகள் இரண்டும் தனியாகக் கழல்பவை. அவற்றைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கட்டைமேல் நிறுத்தி, சட்டகத்தை அப்படியே மேலே தூக்கி எடுத்துவிடலாம். எஞ்சினும் கியர்பாக்ஸும் தரையிலேயே நிற்கும். இரண்டு பேர் வேண்டும். சீலும் கேஸ்கட்டும் வாங்கிவைத்துவிட்டேன். டிசம்பரில் பனி விழுந்து சாலை மூடியதும் வருகிறேன் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.